அடுத்த 34-இல் என்ன வேண்டும்? ஏர் ரைஃபிள் கேள்வி – பதில்

பேரலை மடக்கி, ஸ்பிரிங்கை அழுத்திச் சுடும் ஏர் ரைஃபிள்களில் உலகம் முழுக்கப் பழகிய பெயர் டயானா 34. 1984-இல் வந்த இந்த மாடலைப் பற்றியும், இதன் அடுத்த பதிப்பில் எதை எதிர்பார்க்கலாம் என்பதைப் பற்றியும் வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெரும்பாலான விவரங்கள் இதே வகையைச் சேர்ந்த வேறு கம்பெனித் துப்பாக்கிகளுக்கும் பொருந்தும்.

கேள்வி: நாற்பது வருடமாக ஒரே அடிப்படை அமைப்பில் வருகிறது 34. அடுத்த பதிப்பில் முதலில் எதை மாற்ற வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

பதில்: பேரலுக்கும், ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டும் ரெயிலுக்கும் உள்ள கோணத்தை. அதற்கு அடுத்தது ஸ்பிரிங்கின் உள்ளே நின்று அதை நேராகப் பிடிக்கும் ஸ்பிரிங் கைடு. மூன்றாவது, கட்டையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள். ட்ரிகர் எங்கள் பட்டியலில் கடைசியில்தான் வரும். பழைய T05 ட்ரிகரின் நாக்கு பிளாஸ்டிக்கில் இருந்தது. அடுத்து வந்த T06-இல் அது உலோகமானது, இழுவையின் முதல் கட்டம், இரண்டாம் கட்டம் இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்யவும் முடிந்தது. அந்த அளவில் அது நல்ல ட்ரிகர். அதைத் தொட வேண்டிய அவசரம் இல்லை.

பிறகு வந்த 34 EMS வரிசையில் பேரலைக் கழற்றி வேறு பேரல் போடலாம்; ஸ்பிரிங்குக்குப் பதில் கேஸ் சிலிண்டரும் பொருத்தலாம். இது சரியான திசை. ஆனால் பேரல் மாற்ற வசதி வந்துவிட்டால், ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் அது பழைய இடத்திலேயே உட்கார வேண்டும் என்ற பொறுப்பும் சேர்ந்துவிடுகிறது. பேரலின் அடியைப் பிடித்திருக்கும் பேரல் பிளாக்கின் இரு பக்கமும் உள்ள வாஷர்கள் தேய்ந்தால் பக்கவாட்டில் ஆட்டம் வரும். அந்த வாஷர்களை 0.05 மி.மீ. வித்தியாசத்தில் இரண்டு மூன்று தடிமனில் பெட்டிக்குள்ளேயே கொடுத்தால் போதும், ஆட்டத்தை வாங்கியவரே எடுத்துவிடுவார். செலவு அதிகம் இல்லாத, பலன் பெரிய மாற்றம் இது. ஏன் யாரும் செய்வதில்லை என்பதுதான் வருத்தம்.

கேள்வி: புதிய பதிப்பில் வேகம் கூடுமா? சில பெட்டிகளில் வினாடிக்கு 300 மீட்டருக்கு மேல் என்று அச்சடிக்கிறார்களே?

பதில்: கூடக் கூடாது என்பது எங்கள் விருப்பம். கணக்கைப் பாருங்கள். 0.54 கிராம் ஈய பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) வினாடிக்கு 240 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் சுமார் 15.5 ஜூல். 0.33 கிராம் எடையுள்ள ஈயமில்லாத அலாய் பெல்லட் 305 மீட்டர் வேகத்தில் போனாலும் 15.3 ஜூல்தான். துப்பாக்கியின் வேலை ஒன்றே, பெல்லட்தான் இலேசு. பெட்டியில் அச்சடிக்கும் பெரிய எண் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. அந்த இலேசான பெல்லட் இருபது முப்பது மீட்டருக்குள் வேகத்தை இழந்துவிடும், அட்டையில் குண்டுகள் படும் கூட்டமும் விரியும்.

அதே ஈய பெல்லட்டை 305 மீட்டருக்கு ஏற்ற 25 ஜூல் வேண்டும். அதாவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கூடுதல். இப்போது 15 கிலோ பலத்தில் மடங்கும் பேரல் அப்போது 25 கிலோ கேட்கும். ஸ்பிரிங்கும், அது தள்ளிக் காற்றை அழுத்தும் பிஸ்டனும் கனமாகும், உதைப்பு கூடும், ஸ்கோப் கெடும். போதாக்குறைக்கு, ஒலியின் வேகம் 20 டிகிரி வெப்பநிலையில் வினாடிக்கு 343 மீட்டர். இடுப்பு ஒடுங்கிய பெல்லட் அந்த வேகத்தை நெருங்கும்போது தடுமாற ஆரம்பிக்கும். குறி தவறாமல் சுட 230 முதல் 270 மீட்டர் வரை நல்ல எல்லை.

வாங்குகிற நாட்டின் சட்டத்தையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் லைசென்ஸ் இல்லாமல் வாங்க 7.5 ஜூல்தான் எல்லை. ஐங்கோணத்துக்குள் ‘எஃப்’ என்ற முத்திரை இருந்தால் அது அந்த வகை. பிரிட்டனில் 12 அடி-பவுண்டு, அதாவது 16.27 ஜூல். ஒரே மாடல் வெவ்வேறு ஸ்பிரிங்குடன் வருவது இதனால்தான். உங்கள் ஊரில் எவ்வளவு அனுமதி என்று தெரிந்துகொண்ட பிறகு ஸ்பிரிங்கைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: குறியை மேலே ஏற்ற ஸ்கோப்பின் மேல் குமிழை முழுக்கத் திருகிவிட்டேன். இன்னும் 20 மீட்டரில் 10 செ.மீ. கீழேதான் படுகிறது. துப்பாக்கி கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. பேரல் ரெயிலைவிடச் சற்றுக் கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறது. மடக்கு வகைத் துப்பாக்கிகளில் இது பரவலாக உள்ளது, 34-இல் பலரும் சந்திப்பது. முன் குறியும் பின் குறியும் பேரல் பகுதியிலேயே இருப்பதால், திறந்த குறியில் சுடும்போது சரிவு தெரியாது. ஸ்கோப் உட்காருவது பேரலில் அல்ல, பின்னால் உள்ள குழாயில். அதனால்தான் ஸ்கோப் மாட்டிய அன்று இந்தப் பிரச்சினை வெளியே வருகிறது.

20 மீட்டரில் 10 செ.மீ. என்பது 1000-க்கு 5 என்ற விகிதம். ஸ்கோப்பின் முன் வளையத்துக்கும் பின் வளையத்துக்கும் நடுவே 100 மி.மீ. இடைவெளி என்றால், பின் வளையத்தின் அடியில் 0.5 மி.மீ. தகடு வைத்தால் கணக்கு நேராகும். இடைவெளி வேறு என்றால் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் குமிழை அதன் மொத்தச் சுற்றுகளின் நடுவுக்குக் கொண்டு வாருங்கள். அந்த நிலையில் எவ்வளவு கீழே படுகிறது என்று அளந்து, அதற்கே தகடு வையுங்கள். இப்போதைய 10 செ.மீ.க்கு மட்டும் வைத்தால் குமிழ் கோடியிலேயே நிற்கும்.

கோடியில் நிற்பது ஏன் தவறு? குமிழ் உள்ளே இருக்கும் சிறு குழாயை மேலிருந்து அழுத்துகிறது, கீழே ஒரு ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளுகிறது. குமிழை முழுக்க மேலே தூக்கினால் அந்த ஸ்பிரிங் தளர்ந்துவிடும். ஒவ்வொரு உதைப்புக்கும் குழாய் கொஞ்சம் இடம் மாறும். குறி தினமும் மாறுகிறது என்று துப்பாக்கியைக் குறை சொல்வோம். குற்றவாளி அந்தத் தளர்ந்த ஸ்பிரிங்.

0.5 மி.மீ.க்கு மேல் தகடு வைக்காதீர்கள். ஸ்கோப் குழாய் வளைந்து, வளையம் பதிந்து தழும்பு விழும். அதற்கு மேல் தேவைப்பட்டால் சரிவை ஈடுசெய்யும் மவுன்ட் (ஸ்கோப்பை ரெயிலில் பிடிக்கும் வளையங்கள்) வாங்குவதே முறை. மவுன்டின் அடியில் உள்ள நிறுத்து ஊசி, ரெயிலில் உள்ள குழியில் இறங்கியிருக்க வேண்டும். பிஸ்டன் முன்னால் போய் மோதும்போது துப்பாக்கி முன்னால் பாய்கிறது. ஸ்கோப் அதோடு போகாமல் பின்னால் நகரப் பார்க்கும். அந்த ஊசி இறங்காத மவுன்ட் சில டஜன் குண்டுகளிலேயே பின்னால் வந்துவிடும்.

புதிய பதிப்பில் ரெயிலையே இந்தச் சரிவுக்கு ஏற்பச் சாய்த்துக் கடைந்து தந்தால் இந்தப் பதில் முழுவதும் தேவைப்படாது. எங்கள் முதல் கோரிக்கை அதுதான்.

கேள்வி: ஏர் ரைஃபிளுக்கு எந்த ஸ்கோப்பும் போடலாமா?

பதில்: கூடாது. இந்தத் துப்பாக்கி முதலில் பின்னால் உதைக்கும், உடனே முன்னால் பாயும். பெரிய துப்பாக்கி ஸ்கோப் பின்னால் வரும் உதைப்பை மட்டும் தாங்கச் செய்யப்பட்டிருக்கலாம். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கென்று சொல்லி விற்பதை, 10 மீட்டர் வரை பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்வதுபோல் தெரிவது) சரிசெய்யக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: அடுத்த பதிப்பில் ஸ்பிரிங் நல்லதா, கேஸ் சிலிண்டர் நல்லதா?

பதில்: கேஸ் சிலிண்டரில் ‘டொய்ங்’ என்ற அதிர்வு இல்லை. சுருள் விரியும்போது வரும் முறுக்கமும் இல்லை. மடக்கிய நிலையில் அதிக நேரம் வைத்தாலும் பலம் குறையாது. அதற்காக லோடு செய்த துப்பாக்கியை யாரும் வைத்திருக்கக் கூடாது. ஆனால் அழுத்தம் வெப்பநிலையோடு மாறும். 20 டிகிரி சூடு ஏறினால் அழுத்தம் சுமார் 7 சதவீதம் கூடும், குறியும் அதற்கேற்ப மேலே ஏறும். மடக்கத் தொடங்கும்போதே முழுக் கனம் தெரியும். கசிந்தால் வீட்டில் எதுவும் செய்ய முடியாது, சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

நல்ல கைடுடன் அமைந்த ஸ்பிரிங் கேஸ் சிலிண்டரைப் போலவே அமைதியாகச் சுடும். தேய்ந்தால் சாதாரணக் கருவிகளோடு மாற்றலாம். இரண்டையும் பொருத்த வசதி வைப்பது நல்லது. ஒன்றைத்தான் தர முடியும் என்றால் ஸ்பிரிங்கே இருக்கட்டும்.

கேள்வி: சுடும்போது ஸ்பிரிங் அடிக்கும் அதிர்வு கன்னத்தில் தெரிகிறது. புதிய பதிப்புக்குக் காத்திருக்காமல் இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். கவனமாகச் செய்ய வேண்டும்; ஸ்பிரிங் எப்போதும் ஓரளவு அழுத்தத்தோடுதான் உள்ளே இருக்கிறது. ட்ரிகர் பகுதியைக் குறுக்கே பிடித்திருக்கும் பின்களைத் தட்டி எடுத்தால், பின்புறம் முழுக்க 3 முதல் 5 செ.மீ. வரை வேகமாக வெளியே பாயும். ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இல்லாமல் பின்களைத் தொடாதீர்கள். முகத்தை ஒருபோதும் துப்பாக்கியின் பின்முனைக்கு நேரே வைக்காதீர்கள்.

அதிர்வு வருவதற்குக் காரணம் இடைவெளி. கைடு ஸ்பிரிங்கின் உள்ளே தொளதொளவென்று நின்றால், பிஸ்டன் நின்ற பிறகும் சுருள் ஆடிக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங்கை அழுத்தும்போது அதன் விட்டம் சற்று விரியும் என்பதால், ஓய்வில் இருக்கும்போது கைடு இறுக்கமாகவே உட்கார வேண்டும்; கையால் திருகி நுழைக்கிற அளவுக்கு. டெல்ரின் பிளாஸ்டிக்கில் கடைந்த கைடு இதற்கு மிகப் பொருத்தம். ஸ்பிரிங்கின் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்து அதைவிட 0.1 மி.மீ. கூடுதலாகக் கடையச் சொல்லுங்கள். முன்முனைக்கும் இதேபோல் தொப்பி வடிவத் துண்டு ஒன்று, பிஸ்டனுக்குள் ஸ்பிரிங்கை நடுவில் பிடித்திருக்க.

கழற்றிய பிறகு பழைய கிரீஸை முழுக்கத் துடைத்தெடுங்கள். குழாயில் மடக்கு நெம்புகோலுக்கான நீள வெட்டு இருக்கிறதே, அதன் உள் விளிம்பை விரலால் தடவுங்கள். பிசிறு இருந்தால் அரத்தாலும் நுண் உப்புத்தாளாலும் மழுங்கடியுங்கள். பிஸ்டன் முனையில் காற்றை அடைக்கும் புது சீல் வளையத்தை உள்ளே தள்ளும்போது அந்த விளிம்புதான் அதை வெட்டும். பலர் சீல் மாற்றி ஒரு வாரத்தில் மீண்டும் காற்று போகிறது என்று சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கீறல்தான்.

ஸ்பிரிங்கின் இரு முனைகளையும் 400, பிறகு 600 எண் தாளில் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். அடியில் ஒரு வழுக்கு வாஷர் போட்டால் ஸ்பிரிங் சுழலும்போது பிஸ்டனைத் திருகாது. பிஸ்டனின் பின் விளிம்பிலும் முன் விளிம்பிலும் மாலிப்டினம் டைசல்பைடு பேஸ்டை மெல்லிய பூச்சாக இடுங்கள். ஸ்பிரிங்குக்குப் பசை போன்ற கெட்டி கிரீஸ், அதுவும் மெல்லியதாக. அதிகம் தடவினால் அமைதி கூடும், வேகம் குறையும். சீலுக்கு முன்னால், காற்று அழுந்தும் அறையில், எதுவும் கூடாது. அங்கே எண்ணெய் சேர்ந்தால் அழுத்தத்தின் சூட்டில் எரியும்.

மாட்டிய பிறகு முதல் சில குண்டுகளில் லேசான புகை வரலாம். நூறு குண்டுக்குள் வேகம் ஒரு நிலைக்கு வரும். குறி பார்ப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெரிய வெடிச் சத்தமும் புகையும் வருகிறது. சக்தி கூடிவிட்டதோ?

பதில்: இல்லை. மேலே சொன்ன எண்ணெய் எரிகிறது. சீலும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் போகும். பேரலைத் துடையுங்கள், எண்ணெய் விடுவதை நிறுத்துங்கள். நின்றுவிடும். நூறு குண்டுக்கு மேல் நீடித்தால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியதுதான்.

கேள்வி: நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்த துப்பாக்கி திடீரென்று சிதறுகிறது. எங்கிருந்து தேடுவது?

பதில்: இந்த வரிசையில் தேடுங்கள். முதலில் கட்டை ஸ்க்ரூக்கள். இருதிசை உதைப்பில் தளராத ஸ்க்ரூ இல்லை. புதுத் துப்பாக்கியில் ஒவ்வொரு நூறு குண்டுக்கும் இறுக்கம் பாருங்கள். எண்ணெய் போகத் துடைத்து, கழற்றக்கூடிய நீலநிறத் திரெட்லாக் (மரையைப் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு இட்டால் பிரச்சினை அத்தோடு முடியும். ஸ்க்ரூ மரத்துக்குள் புதைந்துபோயிருந்தால் கிண்ண வாஷர் போடுங்கள். புதிய பதிப்பில் இந்த வாஷரும் திரெட்லாக்கும் தொழிற்சாலையிலேயே வர வேண்டும்.

அடுத்து ஸ்கோப் மவுன்ட். அதற்கடுத்து பிரீச் சீல். பேரல் முனைக்கும் அறைக்கும் நடுவே உள்ள ரப்பர் வளையம் அது. மெல்லிய டிஷ்யூ பேப்பர் துண்டை மடங்கும் இடத்தின் மேல் வைத்துப் பாதுகாப்பான திசையில் சுடுங்கள். பேப்பர் பறந்தால் காற்று கசிகிறது. சீல் உட்காரும் பள்ளத்தில் 0.2 மி.மீ. வாஷர் ஒன்றைப் போட்டு சீலைச் சற்று உயர்த்தினால் பெரும்பாலும் போதும். மிக உயர்த்தினால் பேரல் முழுக்க மூடாது. அது இன்னும் மோசம்.

பிறகு பேரலின் வாய். காது குடையும் பஞ்சுக் குச்சியை விளிம்பில் சுற்றுங்கள். பஞ்சு இழை எங்கே சிக்குகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. கடைசியாக பெல்லட். தலை விட்டம் 4.50, 4.51, 4.52 மி.மீ. என்று தனித்தனியாகக் கிடைக்கிறது. ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாக 20 மீட்டரில் சுட்டுப் பாருங்கள். பெட்டி மாறியதுமே சிதற ஆரம்பித்திருந்தால் மற்ற எதையும் தேட வேண்டாம்.

கேள்வி: T06 ட்ரிகரை இன்னும் இலேசாக்கலாமா?

பதில்: ஓரளவுக்கு. ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். முதல் கட்டம் எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். அந்தச் சுவர் தெரியாமல் போனால் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கொக்கியின் பிடிப்பு குறைந்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் பெல்லட் போட்டு, பேரலை மூடி, குண்டைத் தாங்கும் தடுப்பு நோக்கித் திருப்பி, அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் தட்டுங்கள். தானாகச் சுட்டால் உடனே பழைய இடத்துக்குத் திருப்புங்கள். பேரல் மடங்கியிருக்கும்போது ட்ரிகர் நழுவினால் பேரல் விரலை நசுக்கிக்கொண்டு மூடும். பெல்லட் போடும் நேரம் முழுக்க மற்றொரு கை பேரலைப் பிடித்திருக்கட்டும். சுமார் ஒரு கிலோ இழுவை, சுத்தமான விடுப்பு: இதற்குக் கீழே போக வேண்டிய தேவை இந்தத் துப்பாக்கியில் இல்லை.

கேள்வி: நீளமான பேரல் வந்தால் துல்லியம் கூடுமா? 4.5, 5.5 மி.மீ. அளவு இரண்டில் எது?

பதில்: ஸ்பிரிங் துப்பாக்கியில் காற்று மிகக் கொஞ்சம், பேரலின் முதல் 20–25 செ.மீ.க்குள்ளேயே பெல்லட் தன் வேகத்தை எடுத்துவிடுகிறது. மீதி நீளம் மடக்குவதற்கு உதவும் நெம்புகோல்தான். அதனால் 30 செ.மீ. பேரலும், கைக்கு நீளம் தர ஒரு முன் குழாயும் கொண்ட பதிப்பு வந்தால் நல்லது. பெல்லட் சீக்கிரம் வெளியேறும், பிடியின் நடுக்கம் குறைவாகப் பாதிக்கும்.

4.5-க்குப் பாதை தட்டையானது. தூரத்தை மதிப்பிடுவதில் நாலைந்து மீட்டர் தவறினாலும் பெரிதாகக் கீழே போகாது. குறி அட்டைக்கு அதுவே போதும். 0.94 கிராம் 5.5 பெல்லட் வினாடிக்கு 180 மீட்டரில் போனால் ஏறத்தாழ அதே 15 ஜூல், ஆனால் வளைவு அதிகம். பெல்லட் பெரிதாக இருப்பதால் விரலுக்குப் பிடிக்க எளிது என்பது உண்மை. பேரல் மாற்றும் வசதி உள்ள பதிப்பில் 4.5-ஐ முதலில் வாங்குங்கள்.

கேள்வி: மேசையில் மணல் மூட்டை மேல் வைத்துச் சுட்டால் கையில் பிடித்துச் சுடுவதைவிட மோசமாகச் சிதறுகிறது. ஏன்?

பதில்: பெல்லட் வெளியேறும் முன்பே துப்பாக்கி அசைந்துவிடுகிறது. கெட்டியான மூட்டை அதை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாகத் துள்ள வைக்கும். மூட்டையின் மேல் உங்கள் உள்ளங்கையை விரித்து வையுங்கள். ட்ரிகர் வளையத்துக்குச் சற்று முன்னால் கட்டை அதில் சும்மா படுத்திருக்கட்டும். இறுக்கிப் பிடிக்காதீர்கள், தோளில் அழுத்தாதீர்கள். கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில். உள்ளங்கையை இரண்டு செ.மீ. முன்னும் பின்னும் நகர்த்தி ஐந்து ஐந்தாகச் சுட்டு, மிகச் சிறிய கூட்டம் எங்கே வருகிறதோ அந்த இடத்தைக் கட்டையில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.